ஆடிப் பத்தொன்பது

ரெட் ஆக்ஸைடு டின்னைத் திறந்தால் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் தெளிந்து நிற்கும். அடியில் பெயின்ட் களிமண்ணாக இறுகிக் கிடக்கும். கம்பித் துண்டை விட்டு அடியிலிருந்து மேலாக நிதானமாகக் கிண்டவேண்டும். அவசரப்பட்டால் பிரஷ் போகிற இடமெல்லாம் திப்பி ஒட்டும். இருசம்மாள் அவசரப்படுவதில்லை. அரியமங்கலத்தில் நவநீதனின் கிரில் பட்டறையில் நான்கு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. வெல்டிங் முடிந்து வெளியே சாய்த்து வைத்திருக்கும் கிரில்களை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, மேல் பெயின்டுக்கு முன்னால் துருவுக்காக ரெட் ஆக்ஸைடு ஒரு கோட்டு அடிக்கவேண்டும். சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் சிவப்பு நின்றுவிடும்.

அதே பட்டறையில் அதற்கு முன்னால் பதினாறு வருடம் வெல்டிங் பார்த்தவர் அவள் புருஷன் காத்தமுத்து. இப்போது திருச்சி மத்திய சிறையில் ஆயுள் கைதி.

ஸ்ரீரங்கத்தில் தனியாக இருந்த குமுதவல்லி டீச்சர் வீட்டுக்கு அவர் வாசல் கிரில் மாட்டப் போனார். குரங்குத் தொந்தரவு, கம்பியை நெருக்கி வையுங்கள் என்று டீச்சர் சொன்னார்களாம். இரண்டு தடவை காபி கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் டீச்சர் தலையில் அடிபட்டுக் கூடத்தில் இறந்து கிடந்தார். கழுத்துச் சங்கிலி இல்லை. கிரில் மாட்டினவன் எவன் என்று கேட்டுக்கொண்டு போலீஸ் பட்டறைக்கு வந்தது. "பத்து நிமிஷம், கேட்டுட்டு விட்டுடுவோம்" என்றார்கள். நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடியோடு காத்தமுத்து ஜீப்பில் ஏறினார். நான்காம் நாள் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும், அடித்த கம்பியை அவரே எடுத்துக் கொடுத்ததாகவும் பேப்பரில் வந்தது.

"யக்கா, ஒனக்கு போனு. மதுரை வக்கீலு" என்று உள்ளேயிருந்து கத்தினான் நவநீதன். "கைய தொடைச்சுட்டு வா. போன மாசம் ஒன் கை பட்டு என் போனே செவப்பாயிடுச்சு. வீட்ல எவ லிப்ஸ்டிக்குன்னு கேக்குறா."

"கேட்டா நல்லதுதானே தம்பி. ஒன் மூஞ்சிக்கு அப்புடி ஒரு சந்தேகம் வந்ததே பெரிசு."

பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். இருசம்மாள் முந்தானையால் விரலைச் சுற்றிக்கொண்டு போனை வாங்கினாள். அப்பீல் விசாரணைக்கு வரப்போகிறது, திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று வக்கீல் நஸ்ருல்லா சொன்னார்.

மகள் தேவதர்ஷினிக்குப் பத்தொன்பது வயது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனபோது பத்தாம் வகுப்பு. வீட்டில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான் என்பதால் வழக்குக் காகிதங்களை எல்லாம் அவள்தான் வாசித்தாள். ஒப்புதல் வாக்குமூலத்தையும் வாசித்தாள். "நான்தான் கம்பியால் இரண்டு முறை அடித்தேன்" என்று இருந்தது. கீழே கையெழுத்து. பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அவளுடைய ரேங்க் கார்டுகளில் எல்லாம் அப்பா போட்ட அதே கையெழுத்து. அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டாள்.

இருசம்மாளும் புருஷனிடம் எதுவும் கேட்டதில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சிறைக்குப் போவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள், நடுவில் ஒரு போன். தண்ணீர் வரி, நவநீதனின் புது கட்டிங் மெஷின், தெருவில் யார் வீட்டுப் பெண் பெரியவளானாள் என்று பேசுவாள். நீங்கள் செய்தீர்களா என்று கேட்பது, அவரைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும். அவரும் சொன்னதில்லை. இவளுக்குத் தெரியாதா என்று இருந்திருப்பார்.

மதுரையில் நஸ்ருல்லாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ஃபேன் சுற்றும்போதெல்லாம் காகிதங்கள் ஓரம் தூக்கி ஓரம் படுத்தன. நாற்பது வயதிருக்கும் அவருக்கு. இலவச சட்ட உதவியில் வந்த வழக்கு, ஆனாலும் கட்டு முழுவதிலும் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தார்.

"உக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா? பாப்பாவுக்கு?"

"இப்பத்தான் சார் பஸ் ஸ்டாண்டுல குடிச்சோம்."

"சரி, நேரா விஷயத்துக்கு வரேன். போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்டுல நிக்காது. ஆனா அதுனால ஒரு பொருள் கெடச்சா, அது நிக்கும். உங்க வீட்டுக்காரர் கேஸுல இருக்குறதே இந்தக் கம்பிதான். அத எடுத்தப்போ சாட்சி வெச்சு எழுதுன மகஜர் இது. கீழ்க் கோர்ட்டு தண்டனை குடுத்ததே இத நம்பித்தான்." அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். "எனக்கு அந்த எடம் தெரியாதும்மா. நான் ராமநாதபுரம் பக்கம். ஆறுன்னா எனக்கு மணலு, கருவேல மரம், அவ்ளோதான். ஒரு படம் போட்டுக் குடுங்க. 'கொள்ளிடம் பாலத்தின் எட்டாவது தூணுக்குக் கிழக்கே, ஆற்றுக்குள் நாற்பது அடி தூரத்தில், நாணல் புதருக்கு அருகில், மணலில் ஓர் அடி ஆழத்தில் புதைத்து வைத்திருந்ததை எதிரி காத்தமுத்து தானே தோண்டி எடுத்து ஆஜர் செய்தார்.' எட்டாவது தூண் எங்க வரும்?"

தேவதர்ஷினி பென்சிலை வாங்கிப் பாலத்தை வரைந்தாள். தூண்களுக்கு எண் போட்டாள்.

"எத்தன மணிக்கு?" என்று இருசம்மாள் கேட்டாள், சும்மா.

"காலைல ஏழு மணி. நாலாந்தேதி, எட்டாம் மாசம். வியாழக்கிழமை."

"எட்டாம் மாசம் நாலுன்னா…" இருசம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "மூணாந்தேதி ஆடி பதினெட்டு. அப்ப அது பத்தொம்போது. பெருக்குக்கு மறுநாளு. அன்னிக்கு ஏது சார் மணலு?" என்று சிரித்தாள்.

நஸ்ருல்லா சிரிக்கவில்லை. "என்னம்மா சொன்னீங்க?"

"அந்த வருஷம் கொள்ளிடத்துல ரெண்டு கரையும் தொட்டுல்ல போச்சு தண்ணி. பதினெட்டுக்கே யாரையும் எறங்க விடல. தாலிக்கயிறு மாத்துறதெல்லாம் வீட்டுக் கொழாயடியிலதான். நான் மறுநாளு காலைல சோத்து டப்பாவ எடுத்துக்கிட்டு இவரத் தேடிப் போனேன். ஸ்டேஷன்ல இல்ல, பாலத்துக்கிட்ட அவுட்போஸ்டுல கேளுன்னாங்க. அங்க போனா கயிறு கட்டி வெச்சிருக்காங்க. ஊரே பாலத்துல நின்னு வேடிக்க பாக்குது. முழு வாழ மரம் ஒண்ணு தாரோட போச்சு சார். ஒரு கன்னுக்குட்டி போச்சு. எட்டாந்தூணாவது, ஒம்போதாந்தூணாவது. தூணுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி."

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தார். "இத ஏம்மா இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"எத?"

"தண்ணி போனத."

இருசம்மாள் மகளைப் பார்த்தாள். மகளுக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "யாரும் கேக்கலையே சார்" என்றாள் இருசம்மாள். "கோர்ட்டுல நாலாந்தேதி நாலாந்தேதின்னாங்க. எனக்கு அது ஆடி பத்தொம்போதா மனசுல இருக்கு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்கல. அப்புறம் தண்ணி போனது ஊருக்கே தெரியுமே. கீழ்க் கோர்ட்டு வக்கீலு திருச்சிக்காரரு. ஜட்ஜையாவும் அந்த வருஷம் திருச்சிலதான் இருந்திருப்பாரு. இந்தக் கேஸ எழுதுன ஏட்டையா அவுட்போஸ்டுல நின்னு அவரே விசில் ஊதிக் கூட்டத்த வெரட்டுனாரு. எல்லாருக்கும் தெரிஞ்சத நான் யாருகிட்டன்னு போயி சொல்றது?"

நஸ்ருல்லா மகஜரை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "காகிதத்துக்குத் தெரியாதேம்மா" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தேவதர்ஷினி அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. மணப்பாறையில் ஜன்னலோரம் முறுக்கு விற்க வந்தார்கள். இருசம்மாள் ஒரு பாக்கெட் வாங்கிப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதை மணிக்கு ஒருமுறை எழுதி வைப்பார்களாம். அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுத் தேவதர்ஷினி மனு எழுதினாள். முதல் மனு, கையெழுத்து சரியான இடத்தில் இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது மனுவுக்கு முப்பத்தொன்றாம் நாள் பதில் வந்தது. அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் கன அடி. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. தேவதர்ஷினி அந்த எண்ணை மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தாள். அவ்வளவு தண்ணீர் அந்தக் காகிதத்தில் சத்தமில்லாமல் நின்றது.

ஆனாலும் இன்னொன்று பாக்கி இருந்தது. மகஜரில் சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று வி.ஏ.ஓ.வுடையது, அவர் இறந்துவிட்டார். இன்னொன்று அவருடைய உதவியாளர் அம்மாசியுடையது. அம்மாசி ஓய்வு பெற்றுக் கொள்ளிடத்தின் வடகரையில் இருந்தார். மறுபடி விசாரிக்கும்படி கோர்ட்டில் கேட்டிருக்கிறோம், கூப்பிட்டால் அவர் என்ன சொல்வாரோ தெரியாது என்றார் நஸ்ருல்லா. "நீங்க போயி இதச் சொல்லு அதச் சொல்லுன்னு கேக்கக் கூடாதும்மா. அது தப்பாயிடும்."

"சொல்லச் சொல்லிக் கேக்கல சார். மொகத்தப் பாத்துட்டு வரேன்" என்றாள் இருசம்மாள்.

அவர்கள் போனபோது அம்மாசி வாசலில் மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினார். உள்ளே பார்த்து, "ராசாத்தி, அந்தக் கெழங்க எடுத்தா" என்றார். அவர் மனைவி அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். தேவதர்ஷினி தொடவில்லை. இருசம்மாள் ஒரு துண்டை எடுத்து, நாரை உரித்துவிட்டுத் தின்றாள்.

"நல்லா மாவாட்டம் வெந்திருக்கு" என்றாள்.

"பச்சமலக் கெழங்கு. மருமவன் கொண்டாந்தான்." அம்மாசி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "எதுக்கு வந்தீங்கன்னு தெரியுது தங்கச்சி. எனக்குக் கோர்ட்டுலேர்ந்து கடுதாசி வந்துருச்சு."

"ஒன்னும் கேக்க வல்லண்ணே. சும்மாதான்."

"சும்மா யாரு இவ்ளோ தூரம் வருவா? ரெண்டு பஸ்ஸு மாறி?" அவர் கொஞ்சநேரம் மாட்டைப் பார்த்தார். "அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கே ஆட்டோல மைக்கக் கட்டி உட்டுட்டாங்க என்னைய. 'பொதுமக்கள் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம், கால்நடைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு ஓட்டிச் செல்லவும்.' கரை பூரா இதையே கத்துறேன். மத்தியானத்துக்கெல்லாம் தொண்டை போச்சு. இவகிட்ட சைகையிலதான் சோறு கேட்டேன்."

"ஆமா, ஊமையன் மாதிரி" என்றாள் உள்ளேயிருந்து ராசாத்தி. "அந்த ஒரு நாளுதான் வீட்டுல நிம்மதி."

"சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வான்னாங்க. வி.ஏ.ஓ. போட்டுட்டாரு, நீயும் போடுன்னாங்க."

"படிச்சுப் பாக்கலையா?" என்றாள் தேவதர்ஷினி. குரல் சற்று உயர்ந்துவிட்டது.

"மொத வரியப் படிச்சேம்மா. 'கொள்ளிடக் கரை'ன்னு இருந்துச்சு. கரையிலதானே நாள் பூரா நின்னோம்னு போட்டேன்." அம்மாசி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்புறம் கோர்ட்டுல கூப்புட்டுக் கேட்டப்போ, இது ஒங்க கையெழுத்தான்னாங்க. ஆமான்னேன். அது என் கையெழுத்துதானே? எவனும் ஆத்துல தண்ணி இருந்துச்சான்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் சொன்னதை அவரே காது கொடுத்துக் கேட்டவர் போல, சிதறிய புல்லைக் கையால் கூட்டினார். பிறகு, "சொல்லியிருப்பேனான்னு தெரியல" என்றார். "இப்பச் சொன்னா என் பென்ஷன்ல கைய வெப்பாங்களா பாப்பா? நீ படிச்ச புள்ள."

தேவதர்ஷினிக்கு, வைக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. "எனக்குத் தெரியலங்க" என்றாள்.

புறப்படும்போது ராசாத்தி மீதிக் கிழங்கை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அம்மாசி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். அவர்கள் ஏறும்போது, "ஆட்டோக்காரன் இன்னும் இருக்கான். ரெஜிஸ்டர்ல எழுதித்தான் மைக்கு வாங்குனோம்" என்றார்.

அவர் சொன்னார். திருச்சிக் கோர்ட்டில் திரும்ப விசாரித்தபோது, காலையில் மைக் பிடித்தேன், சாயங்காலம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன், ஆற்றுக்குள் போகவில்லை, அன்றைக்கு யாரும் போயிருக்க முடியாது என்று நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டாராம். தொண்டையைச் செருமிக்கொண்டே சொன்னார் என்றார் நஸ்ருல்லா.

தீர்ப்பு வந்த அன்று இருசம்மாள் ஒரு மாடிப்படிக் கைப்பிடிக்கு ரெட் ஆக்ஸைடு அடித்துக்கொண்டிருந்தாள். நவநீதன் போனை அவள் காதோடு பிடித்துக்கொண்டு நின்றான். விடுதலை என்றார் வக்கீல். மகஜர் நடந்த இடத்தில் எழுதப்பட்டதல்ல, ஸ்டேஷனில் தயாரிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள், அந்த இன்ஸ்பெக்டர் மீதும் ஏட்டு மீதும் விசாரணை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"சார், சந்தேகம்னு போட்டு விட்டிருக்காங்களா, செய்யலன்னு போட்டிருக்காங்களா?"

"செய்யலன்னுதாம்மா. தெளிவாப் போட்டிருக்காங்க."

இருசம்மாள், "சரிங்க சார்" என்றாள். பிரஷ் காய்ந்துவிடும் என்று மிச்சக் கைப்பிடியை அடித்து முடித்தாள். அடித்து முடித்தபிறகுதான் கீழே உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காத்தமுத்து ஒரு பிளாஸ்டிக் பையோடு சிறை வாசலில் வெளியே வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தார். பிடித்துக்கொண்டு போன முதல் மூன்று நாளில் உள்ளங்காலில் விழுந்த அடி ஆறிவிட்டது, நடைதான் திரும்பவில்லை. வீட்டில் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. தட்டை வைத்துவிட்டு இருசம்மாள் உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏன், உப்பு பத்தலையா?"

"இன்னும் சாப்புடல. சாப்புடச் சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்."

"நான்தான் சொல்லணும். சாப்புடுங்க" என்றாள் இருசம்மாள்.

சாயங்காலம் நவநீதன் வந்தான். "முத்தண்ணே, ஒன் வெல்டிங் ஹோல்டர எவனையும் தொட விடல. திங்கக்கிழமை வா. மெதுவா வா, ஆனா வா. இந்தப் பயலுக வைக்கிற வெல்டு எல்லாம் பல்லியெச்சம் மாதிரி இருக்கு."

காத்தமுத்து சிரித்தார். "டீச்சர் வீட்டு கிரில்லுக்கு பெயின்ட் அடிச்சாங்களா?" என்று கேட்டார். நவநீதனுக்குத் தெரியவில்லை. "ரெட் ஆக்ஸைடோட நின்னுச்சு. சனிக்கெழம வந்து பெயின்ட் அடிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். நல்ல மனுசி" என்றார்.

ஒரு வாரம் போனது. மகளோடு ரேஷன் கடைக்குப் போனார், வந்தார். அவள் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து பேனாக்களுக்கு மூடி போட்டு வைத்தார். தேவதர்ஷினி அவரோடு எல்லாம் பேசினாள். ஆனால் அந்த உறையில் மடித்து வைத்த காகிதம் அவளுக்குள் இன்னும் மடிந்தே கிடந்தது. அப்பா வெளியே வந்துவிட்டார், தண்ணீர் அவரைக் கொண்டுவந்துவிட்டது, இனி கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே, "அந்த எட்டாந்தூணு எங்க இருக்கு பாப்பா?" என்றார்.

"ஏம்ப்பா?"

"பாக்கணும். நான் அங்க போனதே இல்ல."

மூவரும் போனார்கள். பங்குனி மாசம். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கொள்ளிடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு நீர் ஓடியது. கொக்குகள் நின்றன. கரையிலிருந்து இறங்கியதும் காத்தமுத்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மணலில் அவர் கால் முழுதாகப் பதிந்தது. தேவதர்ஷினி தூண்களை எண்ணிக்கொண்டே முன்னால் நடந்தாள். எட்டாவது தூணில், மூன்று ஆள் உயரத்தில், தண்ணீர் நின்ற கறை கோடாகத் தெரிந்தது. நாணல் புதர் ஒன்று அதற்குக் கிழக்கே இருந்தது, அதுவேதானா என்று யாருக்கும் தெரியாது.

"இங்கதாம்ப்பா" என்றாள்.

காத்தமுத்து அந்தக் கறைக் கோட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் மணலைத் தோண்ட ஆரம்பித்தார். மேலே சூடாக, வெள்ளையாக இருந்த மணல் ஒரு சாண் ஆழத்தில் பழுப்பாகி, குளிர்ந்தது. இருசம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் எதிரே உட்கார்ந்து, சரிந்து விழும் மணலை இந்தப் பக்கம் வாரிப் போட்டாள். முழங்கை வரை போனதும் அடியில் மணல் கறுத்து, குழியின் ஓரமெல்லாம் நீர் கசிந்து, மெல்ல ஒரு கை அளவுக்கு ஊறி நின்றது.

"ஒரு அடிதான்" என்றார் காத்தமுத்து. "கோடையிலயே."

தண்ணீர் கலங்கல் அடங்கித் தெளியும் வரை மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை மணலோடு முழங்காலில் கிடந்தது. மகளின் முகத்தைப் பார்க்காமல், குழியைப் பார்த்தபடி சொன்னார்.

"பேப்பரு வெள்ளையா இருந்துச்சு பாப்பா. அடியில கையெழுத்துப் போடுன்னாங்க. மூணாம் நாளு போட்டுட்டேன். அதுக்கு மேல என்ன எழுதுனாங்கன்னு கோர்ட்டுலதான் கேட்டேன்." முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நான் அந்தம்மாவ அடிக்கல. ரெண்டு பேருக்கும் தெரியும்னுதான் இவ்ளோ நாளு சொல்லல."

தேவதர்ஷினிக்கு, "தெரியும்ப்பா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாம இருந்துச்சுப்பா" என்றாள்.

இருசம்மாள் சட்டென்று மகளை ஏறிட்டுப் பார்த்தாள். காத்தமுத்து தலையை அசைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. குழியில் தெளிந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டாள். அவள் கழுவிக்கொண்டிருக்கும்போதே குழி மறுபடி ஊறிக்கொண்டிருந்தது.